வன்னியிலிருந்து ஓர் ஆராய்ச்சி விண்ணப்பம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் சமுதாய, குடும்ப மருத்துவத் துறையார் நடத்தும் கருத்தரங்குகளுக்கு, வன்னியிலுள்ள சுகாதாரப் பணிமனைகளிலிருந்து ஏ9 வீதி வழியே போய்வரும் வழக்கம் எனக்குப் பல காலமாக உண்டு. அங்கே கேட்டறிந்தவற்றையும், அவற்றைத் துணையாகக் கொண்டு நிதி வேண்டி விண்ணப்பங்கள் எழுதியபோது கற்றுக்கொண்டவற்றையும், சுகாதார ஆராய்ச்சியிற் புதிதாக இறங்கும் இளம் வைத்தியர்களுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் வவுனியாப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் பிரயோசனப்படும் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

ஜனங்களின் ஆரோக்கியத்தை ஆராய முற்படுபவர், ஒரு நோயால் எத்தனை பேர் வருந்துகிறார்கள் என்று கேட்குமுன், எத்தனை பேருள் அத்தனை பேர் என்று கேட்டாக வேண்டும். வேறு பிரதேசங்களில் ஓர் அரசாங்க வெளியீட்டைப் புரட்டினாற் கிடைத்துவிடும் இந்த விடை, வன்னியில் மிகுந்த சிரமத்தோடு தேடவேண்டிய ஒன்றாக நெடுங்காலம் இருந்தது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்குப் பின், 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு யுத்தத்தின் காரணமாகக் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் எட்டவில்லை. வவுனியாவில் அது அரைகுறையாக நின்றது. 2012ஆம் ஆண்டிலேதான் மூன்று மாவட்டங்களும் முழுமையாக எண்ணப்பட்டு, கிளிநொச்சியில் ஏறத்தாழ 1 இலட்சத்து 13 ஆயிரம், முல்லைத்தீவில் 92 ஆயிரம், வவுனியாவில் 1 இலட்சத்து 72 ஆயிரம் பேர் என்ற கணக்கு நம் கைக்கு வந்தது. 2006-07ஆம் ஆண்டுகளின் குடித்தொகை, சுகாதார அளவீட்டிலும் வட மாகாணம் இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டு அளவீடே நாட்டின் எல்லா மாவட்டங்களையும் முதன்முதலாக உள்ளடக்கியது. ஆகவே, நம் தாய்மாரின் இரத்தச்சோகையோ குழந்தைகளின் நிறையோ முப்பது ஆண்டுகளில் எவ்வாறு மாறிற்று என்று ஒப்பிட விரும்புவோருக்குப் பழைய அளவு கிடையாது. இக்குறையை விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள். கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருந்து அதைப் படிக்கும் நிபுணர்களுக்கு, ஆராய்ச்சியின் அவசியத்தை இதைவிட நன்றாக உணர்த்தும் நியாயம் வேறில்லை.

இக்குறையை ஈடுசெய்யப் பலரும் குடும்பநல உத்தியோகத்தரின் குடும்பப் பதிவேட்டையே நாடுவர். நீளவாட்டில் மடிக்கப்பட்டு, ஓரங்கள் நைந்து, தாய்வீடு சென்றவர்களையும் திரும்பி வந்தவர்களையும் பென்சிலால் எழுதி அழித்து மீண்டும் எழுதிய அந்தப் புத்தகத்தை நான் எப்போதும் மரியாதையோடுதான் கையில் எடுப்பேன். கிராமத்தை அறிய அதைவிட நெருங்கிய சாட்சி இல்லை. ஆனால் அது கர்ப்பந்தரிக்கும் வயதுப் பெண்களும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பங்களுக்காக ஏற்பட்டது. பிள்ளைகள் பிரிந்துபோன பின் தனித்து வாழும் முதிய கமக்காரரை அதில் காணமுடியாது. சிறுநீரக நோயைப் பற்றியோ நீரிழிவைப் பற்றியோ ஆராய்பவர் அதை மட்டும் நம்பினால், எவரைத் தேடிப் புறப்பட்டாரோ அவரையே விட்டுவிடுவார். கிராம அலுவலரின் பட்டியலிலோ கனடாவில் குடியேறிவிட்டவர்களின் பெயரும் சிலவேளை இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு களப்பிரிவையேனும் வீடுவீடாகச் சென்று சரிபார்த்து, அந்த ஒரு பக்க அட்டவணையோடு கருத்தரங்குக்குப் போங்கள். தலைப்பை மட்டும் கொண்டு செல்பவருக்கு உபசார வார்த்தைகளே கிட்டும். அட்டவணையோடு செல்பவரைத் துறையின் மூத்தோர் அருகில் இருத்தி, மாதிரியின் அளவையும் கேள்வியின் வரம்பையும் பொறுமையாகத் திருத்தித் தருவர்.

நிதியைப் பொறுத்தவரை, தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிச் சபை, பல்கலைக்கழகங்களின் உள்மானியங்கள் ஆகியவையே நமக்குச் சமீபமானவை. பணம் எங்கே போகிறதோ அங்கேதான் அறிவும் சேர்கிறது என்பதற்கு நம் எல்லையிலேயே உதாரணம் உண்டு. காரணம் அறியப்படாத சிறுநீரக நோயைப் பற்றித் தேசிய விஞ்ஞான மன்றமும் உலக சுகாதார நிறுவனமும் உதவ நடைபெற்று, 2013இல் வெளியான பெரிய ஆய்வு, அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களை ஆராய்ந்தது. அதே நோயும் அதே கடினநீரும் உள்ள வவுனியா அதில் இடம்பெறவில்லை. மலேரியாவிலோ நிலைமை வேறு: உலக நிதியத்தின் உதவியோடு வடக்கிலும் இரத்தப் பரிசோதனை வலைப்பின்னல் பரவியதால், 2012 ஒக்ரோபரோடு உள்நாட்டில் தொற்றும் நோய் ஒழிந்து, 2016 செப்டெம்பரில் இலங்கைக்கு மலேரியா அற்ற நாடென்ற சான்றிதழும் கிடைத்தது.

வரவுசெலவுத் திட்டம் வகுக்கும்போது, தூரத்தை மறவாதீர்கள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்தில் பிற்பகல் பஸ்ஸைத் தவறவிட்ட கள உத்தியோகத்தருக்கு அன்று திரும்ப வழியில்லை. ஒழுக்கவியல் குழுவின் அனுமதியையும், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரின் அனுமதியையும், நிதி அறிவிப்பு வருமுன்பே தேடத் தொடங்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது இன்னொன்று. 2009இல் யுத்தம் முடிந்தபின் வன்னி மக்களிடம் வினாக்கொத்தோடு வந்தவர்கள் அநேகர். புதுக்குடியிருப்பில் ஒரு முதியவள், நான் முற்றத்திற் கால்வைத்ததும், "தம்பி, போனமுறை வந்தவையும் இதைத்தானே கேட்டவை, எழுதிக்கொண்டு போனவை, பிறகு ஒரு சேதியும் இல்லை" என்றாள். அவள் சொன்னதில் கோபமிருக்கவில்லை, களைப்பே இருந்தது. அன்றுமுதல் நான் எழுதும் எந்த விண்ணப்பத்திலும், முடிவுகளை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் வாய்மொழியாக எடுத்துரைப்பதற்கென்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்கிவிடுகிறேன். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் வெளியிட்ட வன்னியின் கூட்டு உளக்காயம் பற்றிய ஆய்வை இங்கே வேலைசெய்ய வருவோர் அவசியம் படிக்கவேண்டும். எண்களுக்கு அகப்படாத துயரத்தை ஜனங்களின் சொந்த வாய்மொழியிலேயே கேட்டு எழுதும் முறை அதிலே காணக்கிடைக்கிறது.

களவேலைக்குரிய காலத்தை நிதி தருவோரின் நாட்காட்டியைப் பார்த்து நிச்சயிக்காதீர்கள். மாரியில் முற்றங்களெல்லாம் சேறாகும். காலபோக அறுவடை நடக்கும்போது ஆண்கள் பகலில் வீட்டிலிரார், உங்கள் மாதிரியில் பெண்களும் முதியவர்களுமே மிஞ்சுவர். அறுவடை ஓய்ந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் சிறுபோகத்துக்குத் திறக்கப்படுமுன் உள்ள வாரங்களே உத்தமம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவில் எந்த வீட்டுக் கதவையும் தட்டவேண்டாம்.