மறுபடியும் அதே தண்ணீரா?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



கழிவுநீரைச் சுத்திகரிப்பது எப்படி என்று கேட்டால் நம்மில் யாரும் படம் போட்டுப் பத்து மார்க் வாங்கிவிடுவோம். சுத்திகரித்த நீர் எந்தக் குழாயில் போகணும், தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டால் முழிப்போம். நானும் முழித்தவன்தான்.

சென்ற விடுமுறையில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன். குளியலறைக் கழிவுநீரை அங்கேயே சுத்தம் செய்து, கழிப்பறைத் தொட்டிகளுக்கு ஏற்றும் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்கும் நல்ல தண்ணிக்கும் ஒரே வெள்ளை பைப்! குடிவந்த பத்தாம் நாள் மூன்றாம் மாடி அம்மா ஒருவர், "தம்பி, வாஷ்பேசின் தண்ணியில ஒரு வாடை வருதே, மோந்து பாருங்க" என்றார். பிளம்பர் இணைப்பை மாற்றிக் கொடுத்திருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. 'லைன் சரிபார்க்கப்பட்டது' என்று ரிஜிஸ்டரில் எழுதியவன் நான். பிரஷரைப் பார்த்தேனே தவிர, வருவது எந்தத் தண்ணி என்று பார்க்கவில்லை.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மறுபயன்பாட்டு நீருக்கு ஊதா நிறக் குழாய். பள்ளம் தோண்டுகிறவருக்கும் பார்த்தவுடன் புரியும். கட்டடத்துக்குள் இரண்டு லைனும் இருந்தால், ஒன்றோடொன்று கலக்கிறதா என்ற சோதனையும் அங்கே விதிப்படி கட்டாயம். இதற்கு எந்திரம் வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

எந்திரத்தால் முடியும் என்பதற்கு நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் சாட்சி. பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. 1968 முதல் கழிவுநீரையே குடிநீராக்கிக் குடிக்கிறார்கள். சூட்சுமம் என்ன தெரியுமா? தொழிற்சாலைக் கழிவை வீட்டுக் கழிவோடு சேர விடாமல் தனியே பிரித்துவிடுகிறார்கள். பின்னால் வைக்கிற பத்து ஃபில்டரை விட இந்த ஒரு விதி பெரிது என்பேன்.

அடுத்தது மக்கள் மனசு. ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரில், கடும் வறட்சியிலும், 2006-இல் ஓட்டெடுப்பு வைத்தபோது சுமார் 62 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள். சிங்கப்பூரோ 2003-இல் 'நியூவாட்டர்' கொண்டுவந்தபோது, மக்களை நிலையத்துக்கே வரவழைத்துக் காட்டியது. தண்ணீரில் பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்குத்தான் கொடுத்தது.

நம் சென்னையும் அந்த வழியில்தான் தொடங்கியது. 2019-இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா நாலரைக் கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையங்கள் வந்தன. தண்ணீர் போவது ஸ்ரீபெரும்புதூர், மணலி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு. யாரையும் குடிக்கச் சொல்லவில்லை, அதனால் சண்டையில்லை. ஆனால் நிலத்தடி நீரைச் சும்மா உறிஞ்ச விட்டால் எந்த முதலாளி இதைக் காசு கொடுத்து வாங்குவார்? விலையும் தடையும் சேர்ந்தே வரணும்.

சரி, அந்தக் கட்டடம் என்னாச்சு? மறுநாள் மறுபயன்பாட்டுத் தொட்டியில் கேசரிப் பவுடரைக் கரைத்துவிட்டு, வீடு வீடாக ஏறி ஒவ்வொரு குழாயாகத் திறந்தோம். இன்னும் இரண்டு வீட்டில் ஆரஞ்சு நிறம் கொட்டியது. அதில் ஒன்று சமையலறைக் குழாய்.