‘பழகிப் போயிடும்’ என்ற பொய்

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் வழியாகப் போகும் விழுப்புரம் சாலையில் லாரி மோதினாலும் சரி, பாகூர்ப் பக்கம் கிணற்றிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கினாலும் சரி, கூட்டத்தில் ஒருவராவது இதைச் சொல்லிவிடுகிறார்: “ஆம்புலன்ஸ்காரங்களுக்கு என்னங்க, தினம் பாக்கறவங்க. பழகிப் போயிருக்கும்.” டீக்கடையில் சொல்கிறார்கள். படித்தவர்கள் சொல்கிறார்கள். அந்த ஊழியர்களிடம் வேலை வாங்கும் அதிகாரிகளும் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது. இது பொய், அதுவும் ஆளைக் கெடுக்கும் பொய்.

நம்பிக்கை 1: கோரத்தைத் தினமும் பார்ப்பவருக்கு மனம் பழகிவிடும்.

உண்மை: ஸ்ட்ரெச்சர் தூக்கக் கை பழகும். ரத்தத்தைக் கண்டு பதறாமல் வேலை பார்க்கவும் பழகும். ஆனால் கண்டதெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, வேலையின் பொருட்டுக் கொடூரங்களை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதை பி.டி.எஸ்.டி. எனப்படும் மனவடு நோய்க்கு வழிவகுக்கும் அனுபவங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. அங்கே தரப்பட்டுள்ள முதல் உதாரணமே சிதைந்த உடல்களை எடுக்கும் மீட்புப் பணியாளர்தான்.

“அன்னைக்கு நல்லாத்தானே இருந்தார்?” என்பார்கள். 1983-இல் தென் ஆஸ்திரேலியாவை எரித்த காட்டுத்தீயில் இறங்கிய 469 தீயணைப்பு வீரர்களை அலெக்சாண்டர் மெக்ஃபார்லேன் என்ற மனநல மருத்துவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து ஆராய்ந்தார். தீ அணைந்து பல மாதங்கள் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு நோய்ப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

தொலைதூரத்துக் கதை வேண்டாமென்றால் யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், குண்டு விழுந்த ஊரிலேயே இருந்து மருத்துவம் பார்த்தவர். அந்த அனுபவத்தையே வாழ்நாள் ஆய்வாக்கினார். 1998-இல் ‘ஸ்கார்டு மைண்ட்ஸ்’, 2014-இல் ‘ஸ்கார்டு கம்யூனிட்டீஸ்’ என்று போர் கிழித்த மனங்களைப் பற்றி நூல்கள் எழுதினார். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளோடு மருத்துவர்களும் தாதியரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ‘முறிந்த பனை’ நூலைச் சோமசுந்தரத்தோடு சேர்ந்து எழுதிய உடற்கூற்றியல் பேராசிரியை ரஜனி திராணகம 1989-இல் கொல்லப்பட்டார். காப்பாற்றப் போகிறவரும் அதே காயத்துக்குள்தான் நிற்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சோமசுந்தரத்திடம் வந்தவர்களில் பலர் மனசு சரியில்லை என்று சொல்லவில்லை. நெஞ்சு அடைக்கிறது, உடம்பு வலிக்கிறது என்றுதான் சொன்னார்கள். நம் ஊர் ஊழியரும் அப்படித்தான் சொல்வார்.

இன்னொன்றும் கேளுங்கள். எதற்கும் கலங்காமல், யாரோடும் ஒட்டாமல், பெற்ற பிள்ளை சிரித்தாலும் முகம் மலராமல் இருக்கும் மரத்துப்போன நிலை இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. ‘பழகிவிட்டது’ என்று நீங்கள் மெச்சுவது சில வேளை அதைத்தான். கூடவே கெட்ட கனவு, தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுதல், அந்த இடத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போதல், எரிச்சல் ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மாலையானால் குடி என்று ஆகிவிட்டால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்பிக்கை 2: பி.டி.எஸ்.டி. பட்டாளத்துக்காரர் வியாதி.

உண்மை: 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வில் 12.7 சதவீதம் பேருக்கு இந்நோய் இருந்தது. பெண்களும், காயம்பட்டவர்களும், வருமானம் நின்ற குடும்பத்தாரும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டார்கள்.

நம்பிக்கை 3: அதிர்ச்சி கண்ட எல்லோருக்கும் வரும், வந்தால் போகாது.

உண்மை: இரண்டும் தவறு. அத்தகைய அனுபவத்துக்கு ஆளானவர்களில் 5.6 சதவீதத்தினருக்கே வருகிறது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முறையான உளவியல் சிகிச்சையில் குணமும் உண்டு.

நம்பிக்கை 4: கோரம் கண்டவரை அன்றைக்கே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லவைக்க வேண்டும்.

உண்மை: ஒரே அமர்வில் கட்டாயமாகக் கொட்டவைப்பது நோயைத் தடுப்பதில்லை என்பது மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வில் 2002-லேயே தெளிவாகிவிட்டது. பக்கத்தில் இருங்கள், அவராகப் பேசினால் கேளுங்கள்.

நம்பிக்கை 5: தூக்க மாத்திரை போதும், இல்லாவிட்டால் மந்திரித்துக் கயிறு கட்டினால் போதும்.

உண்மை: அதிர்ச்சிக்குப் பின் முதல் மாதத்தில் பென்சோடயசெபைன் வகைத் தூக்க மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013-இல் வழிகாட்டியது. கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். கோயிலும் சடங்கும் மனத்துக்குத் தெம்பு தரும். சோமசுந்தரமும் அவற்றை ஒதுக்கியவர் அல்லர். கயிற்றோடு நிறுத்திக்கொள்வதுதான் தவறு.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. மக்களை மீட்டவர்களை எல்லோரும் பாராட்டினோம். அவர்கள் தூங்கினார்களா என்று எத்தனை பேர் கேட்டோம்?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இல்லை. தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஊழியர், சவக்கிடங்குப் பணியாளர், ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஆகிய எல்லோருக்கும் பொருந்தும்படி அதைச் சேர்க்க வேண்டும். கோரமான பணிக்கு அடுத்த நாள் சம்பளத்தோடு ஓய்வு தர வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள். அதுவரை, உங்கள் வீட்டில் இந்த வேலை பார்ப்பவர் தூக்கமின்றித் தவித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அல்லது டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.