எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகிறீர்களா?

1. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாள் குறிக்கும் முன் இதைப் பாருங்கள்.

2. 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. வளாகத்தில் கட்டடங்கள் பல. எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றினால் பிள்ளைகளுக்குக் கால்வலிதான் மிஞ்சும். வெண்கலச் சிலைக் கூடமும் அமராவதிச் சிற்பங்களும் போதும். களைப்பு தட்டும் முன், வெண்கலத்தை முதலில் காட்டிவிடுங்கள்.

3. முந்தின நாள் வகுப்பிலேயே வார்ப்பு முறையைச் சொல்லிவிடுங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒவ்வொன்றும் தனிச்சிலை. இதைத் தெரிந்துகொண்டு வரும் பிள்ளை சிலையைப் பார்க்கும் விதமே வேறு.

4. திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் முன்னால் வந்ததும் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். "எத்தனை கை இருக்கு, எண்ணுங்க" என்று மட்டும் கேளுங்கள். சிவன் பக்கம் இரண்டு, உமை பக்கம் ஒன்று. எண்ணும்போதே இடுப்பின் வளைவு இரு பக்கமும் வேறாக இருப்பது தானாகக் கண்ணில் படும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லட்டும். இங்கே பத்து நிமிடம் நின்றாலும் வீணில்லை.

5. திருவாலங்காட்டு நடராஜரிடம் என்ன குறைகிறது என்று கேளுங்கள். சுற்றியிருக்கும் திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை. ஆனாலும் ஆட்டம் எங்கே தெரிகிறது? தூக்கிய காலிலா, தோளிலா? ஆளுக்கொரு பதில் வரும். எதையும் தவறென்று சொல்லாதீர்கள்.

6. கோயிலில் உற்சவர் பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம் மட்டும் காட்டுவார். இங்கே அணிகலனின் கொக்கிவரை தெரியும். பீடங்களில் துளையோ வளையமோ இருந்தால் காட்டுங்கள். வீதியுலாவுக்குத் தண்டு செருகித் தூக்க வைத்தவை அவை.

7. அமராவதித் தூபியின் சிற்பங்கள் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கியவை. அதே தூபியின் இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்; கேட்கட்டும்.

8. தொடக் கூடாது என்பதோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொல்லுங்கள்: கைவியர்வையின் உப்பு உலோகத்தை அரிக்கும்.

9. குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், பென்சில் போதும். பிடித்த ஒரு சிலையை மட்டும் அங்கேயே உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள்.