எண்ணிக்கை தெரிந்த எறும்புகள்



இந்த மாதம் ஒரு சினிமாவில் இருந்து பாடம் படிப்போம். 1998-ல் அமெரிக்காவில் பிக்சார் நிறுவனம் எடுத்த 'எ பக்ஸ் லைஃப்' என்ற கார்ட்டூன் படம். பிள்ளைகளுக்காக எடுத்ததுதான், ஆனால் நமக்கும் அதில் விஷயம் இருக்கிறது.

எறும்பும் வெட்டுக்கிளியும் கதை நமக்குத் தெரியும். அதில் சோம்பேறி வெட்டுக்கிளி கடைசியில் எறும்பிடம் கையேந்தும். இந்தப் படத்திலோ மிரட்டி வாங்குகிறது. எறும்புகள் பாடுபட்டுச் சேர்த்த தானியத்தை வருஷா வருஷம் வெட்டுக்கிளிகளுக்குக் கொடுக்க வேண்டும். மிச்சம்தான் தங்களுக்கு.

ஒரு நாள் வெட்டுக்கிளிகள் தங்களுக்குள் பேசுகின்றன. 'நம்மகிட்டதான் தீனி நிறைய இருக்கே, மறுபடி எதுக்குப் போகணும்? ஒரு எறும்புதானே எதிர்த்துச்சு?' என்று சில கேட்கின்றன. தலைவன் ஹாப்பர் ஒரு தானிய மணியை எடுத்து எறிகிறான். வலிக்கவில்லை. அடுத்து புட்டியையே திறந்துவிடுகிறான். கொட்டிய குவியலில் கேட்டவர்கள் புதைந்து போகிறார்கள். நம்மில் ஒருவருக்கு நூறு எறும்பு இருக்கிறது, அது அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் நம் பிழைப்பு போச்சு என்கிறான்.

பார்த்தீர்களா? எறும்புகளின் பலம் எதிரிக்குத் தெரிந்திருக்கிறது. எறும்புகளுக்குத்தான் தெரியவில்லை!

கடைசியில் பிளிக் என்ற எறும்பு அடி வாங்கிக்கொண்டே எழுந்து, 'அவங்களுக்குத்தான் நாம வேணும், நமக்கு அவங்க வேண்டாம்' என்ற உண்மையைச் சொல்கிறான். ஒவ்வொரு எறும்பாக அவன் பக்கம் வந்து நிற்கிறது. பிறகு வெட்டுக்கிளிகள் ஓட்டம்தான். முதலில் யாரும் மதிக்காத பிளிக்கின் அறுவடைக் கருவியை அதன்பின் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

நான் போன ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, 'என் பாஸ்புக்குல போன மாச சேமிப்பு ஏறல, ஏன்?' என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் தலைகுனிந்து உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நான்கு பேர் என்னிடம், 'எனக்கும் ஏறலைங்க மேடம்' என்றார்கள். அதை உள்ளேயே சொல்லியிருந்தால் அன்றைக்கே கணக்கு சரியாகியிருக்கும்.

சேர்ந்து சேமித்தால் மட்டும் ஒற்றுமை ஆகாது. ஒருத்தி நியாயமாகக் கேட்கும்போது கூட நிற்பதுதான் ஒற்றுமை.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்:

1. நம் குழுவில் கேள்வி கேட்டு, தனியாக நின்றவர் யார்?

2. அன்றைக்கு நாம் ஏன் பேசவில்லை?

3. இனி என்ன செய்வோம்? தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.