தூண்டில் வரியில் ஒரு குளம்

வீட்டுக்கு அருகில் ஒரு குளம் இருந்தால், கார் இல்லாத குடும்பத்துச் சிறுவர்களும் சக்கர நாற்காலியில் செல்லும் முதியவர்களும் தூண்டில் போட்டு மகிழலாம். ஆனால், குளம் வெட்டப் பணம் வேண்டுமே! அதை யார் தருவது?

அமெரிக்கா இதற்கு ஒரு வழி கண்டது. அங்கு 1950ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மீன்பிடிக் கருவிகள்மீது வசூலிக்கப்படும் வரி மீன்வளத்துக்கே செலவிடப்படுகிறது. பெரும்பாலான கருவிகளுக்கு வரி 10 விழுக்காடு. 1984ஆம் ஆண்டு, விசைப்படகு எரிபொருள் வரியின் ஒரு பகுதியும் இதனுடன் சேர்க்கப்பட்டது. சிறுதுளி பெருவெள்ளமாகத் திரளும் இந்நிதி மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

கொலராடோ மாநிலம் இந்நிதியிலிருந்து உள்ளூர் அமைப்புகளுக்கு மானியம் வழங்குகிறது. அதைக் கொண்டு குளங்கள் அமைக்கப்படுகின்றன, கரைகள் சீரமைக்கப்படுகின்றன, சக்கர நாற்காலி செல்லத்தக்க மீன்பிடி மேடைகள் கட்டப்படுகின்றன.

எனினும், இம்மானியம் நிபந்தனையுடன்தான் கிடைக்கிறது. மாநிலத் திட்டங்களின் செலவில் 75 விழுக்காடு வரையே கூட்டரசு நிதி ஏற்கும். எஞ்சியதை மாநிலமோ உள்ளூர் அமைப்போ ஏற்க வேண்டும். மீன்பிடி உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலம், இந்நிதியைப் பெறும் தகுதியையே இழக்கும்.

குளம் வெட்டுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வண்டல் படிந்து ஆழம் குறைந்தால், கோடையில் நீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் மடியக்கூடும். ஆகவே, தொடர்ந்து பராமரிக்கப் பணமும் ஆளும் தேவை. தன் பங்கையும் செலுத்திய ஊருக்கே அக்குளத்தின்மீது உரிமையும் அக்கறையும் பிறக்கும்.