பூதக்கண்ணாடி வாங்கப் போறீங்களா?

"தம்பி, இந்தச் சிட்டையில எத்தனை பேர் போட்டிருக்குன்னு பாரு!"

சம்பள நாளில் லயத்து வாசலில் இந்தக் குரலைக் கேட்காதவர் யார்? நாற்பது வயது தாண்டினால் கிட்ட உள்ள எழுத்து மங்குவது இயல்பு. ஆனால் நம்ம கணக்கை மற்றவர் கண்ணாலதான் பார்க்கணுமா? சேமலாப நிதிக்கு நம்மிடம் 8 வீதம் கழிக்கிறாங்க. தோட்டம் 12 வீதம் சேர்க்க வேண்டும். இதை நாமே வாசித்துச் சரிபார்க்க ஒரு நல்ல பூதக்கண்ணாடி போதும்.

கூடப் பெரிசாகக் காட்டுவதுதான் நல்லதா?

இல்லை. மடங்கு கூடக் கூட கண்ணாடி சிறிசாகும். ஒரே பார்வையில் தெரியும் இடமும் குறையும். ஆகவே வேலையைப் பார்த்து வாங்குங்க.

1. சிட்டை, மருந்துத் துண்டு வாசிக்க: 2 முதல் 3 மடங்கு. உள்ளங்கை அகலம் இருந்தால் ஒரு வரி முழுதும் தெரியும்.

2. முள் எடுக்க, ஊசி கோர்க்க: 3 முதல் 5 மடங்கு. இரண்டு கையும் வேலை செய்யணும் என்பதால் காலுள்ள கண்ணாடி நல்லது.

3. தேயிலை இலையில் பூச்சி பார்க்க: 10 மடங்கு, மடித்து வைக்கும் சின்னக் கண்ணாடி. சிவப்புச் சிலந்திப்பேன் அரை மில்லிமீற்றர் அளவுதான். வெயில் காலத்தில் முற்றின இலையின் மேற்பக்கத்தில் தேடுங்க. கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, இலையைக் கிட்டக் கொண்டு வரணும்.

சின்னதைக் கவனிப்பது நம்ம மலைக்குப் புதுசில்லை. தெல்தோட்டைக்குப் பக்கத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்டார். 1869இல் இலங்கையில் கோப்பி இலையில் மஞ்சள் தூள் கண்டார்கள். பேராதனைப் பூங்காவின் த்வைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார்; பெர்க்லி என்ற அறிஞர் அது ஒரு பூஞ்சணம் என்று கண்டு பெயரிட்டார். ஆனாலும் நோயை அடக்க வழி கிடைக்கவில்லை. கோப்பி அழிந்தது, தேயிலை மலையெல்லாம் பரவியது.

கடையில் சோதிப்பது எப்படி?

• வாசலுக்கு எதிரே வெள்ளைக் கடதாசியைப் பிடித்து, இடையில் கண்ணாடியை முன்பின் நகர்த்துங்க. தூரத்து மலை கடதாசியில் தலைகீழாகத் தெளிவாக விழும். அந்த இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து, 25ஐ அதனால் வகுங்க. 10 சென்ரிமீற்றர் என்றால் இரண்டரை மடங்கு. கடைக்காரர் "முப்பது மடங்கு" என்றாலும் கணக்கு இதுதான்.

• சதுரக் கோட்டுக் கொப்பியின் மேல் வையுங்க. ஓரத்தில் கோடு அதிகம் வளைந்தால், வானவில் நிறம் தெரிந்தால், வேண்டாம்.

• பிளாஸ்டிக் பாரம் குறைவு, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். கண்ணாடி விழுந்தால் உடையும். எதையும் மெல்லிய துணியில் சுற்றி வையுங்க.

இரண்டு எச்சரிக்கை: வெயில் படும் யன்னலில் வைக்காதீங்க, துணியில் தீ பிடிக்கும். சூரியனை அதனால் பார்க்கவே கூடாது.

கடைசியாக ஒன்று. பூதக்கண்ணாடி வைத்தும் மங்கலாகவே தெரிந்தால் "வயசாச்சு" என்று இருந்திடாதீங்க. கண்ணில் புரை விழுந்திருக்கலாம். அதைச் சத்திரசிகிச்சையால் சரிப்படுத்தலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டுங்க.