வளைந்த கால்கள்: எப்போது காத்திருக்கலாம், எப்போது வர வேண்டும்?

குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கிய சில வாரங்களில் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பலருக்கும் கேள்வி ஒன்றுதான். தாய் சொல்லத் தயங்கினால் உடன்வந்த பாட்டி முந்திக்கொள்கிறார்: "கால் கவட்டையா இருக்கே டாக்டர், நீவிவிட்டாச் சரியாயிருமா?" பெரும்பாலான குழந்தைகளுக்கு எங்கள் விடை, "காத்திருங்கள், தானே நேராகும்" என்பதே. அவ்வாறு சொல்லுமுன் நாங்கள் எவற்றைப் பார்க்கிறோம் என்பதைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. காத்திருக்கக் கூடாத குழந்தைகளும் சிலர் உண்டு.

கருப்பையின் நெருக்கமான இடத்தில் குழந்தை கால்களை மடக்கிச் சுருண்டு கிடக்கிறது. எனவே பிறக்கும்போதே கால்கள் வெளிப்புறமாகச் சற்று வளைந்திருக்கின்றன. மடியிலும் தொட்டிலிலும் இருக்கும்வரை அது கண்ணில் படுவதில்லை. எழுந்து நின்றதும் தெரிகிறது. நடந்ததால்தான் கால் வளைந்தது என்று பலரும் எண்ணுவது இதனால்தான். பின்லாந்தைச் சேர்ந்த சாலேனியஸ், வாங்கா என்னும் மருத்துவர்கள் 979 குழந்தைகளை 1,480 முறை அளந்து 1975இல் வெளியிட்ட ஆய்வை எலும்பு மருத்துவர்கள் இன்றும் அடிப்படையாகக் கொள்கின்றனர். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் வளைவு நேராகிறது. அதன்பின் கால்கள் எதிர்ப்புறமாகச் சாய்ந்து முழங்கால்கள் முட்டிக்கொள்கின்றன. மூன்று வயதையொட்டி அச்சாய்வு உச்சத்தை அடைந்து, ஏழு வயதளவில் பெரியவர்களின் கால்போல் அமைகிறது. ஒரு வயதில் வில்லாக இருந்த கால் மூன்று வயதில் முட்டுவதைக் கண்டு மறுபடியும் அஞ்சி ஓடிவர வேண்டியதில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நாங்கள் தடுப்பதில்லை. மென்மையாகத் தடவுவதால் கேடில்லை. ஆனால் அதனால் எலும்பு நேராவதும் இல்லை. காலைப் பிடித்து வலிந்து இழுப்பதும் துணியால் சேர்த்துக் கட்டுவதும் கூடாது. இடுப்பில் தூக்கி வைப்பதால் கால் வளையும் என்பதும் தவறு. கால்களை அகற்றி அமர்வது இடுப்பு மூட்டுக்கு நல்லதே.

இனி, கவலைக்குரிய குழந்தைகளைப் பற்றி. நம் பகுதியில் நாங்கள் முதலில் ஐயுறுவது வைட்டமின் டி அல்லது கால்சியம் குறைவால் எலும்பு இறுகாமல் போகும் ரிக்கெட்ஸ் நோயை. ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இது எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பேறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தாய் பொழுது சாய்ந்தே திரும்புகிறார். பகலெல்லாம் பிள்ளை பாட்டியின் பொறுப்பில் வீட்டுக்குள் இருக்கிறது. ஆடிக் காற்றுக்கும் சாரலுக்கும் அஞ்சிக் கதவும் சாத்தப்படுகிறது. கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயிலால் பயனில்லை. தோலில் வைட்டமின் டி உருவாக்கும் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. தாய்ப்பாலிலும் இச்சத்து மிகக் குறைவு. தாயின் உடலிலும் குறைந்திருந்தால் குழந்தை பிறக்கும்போதே பற்றாக்குறையுடன் பிறக்கிறது. பால் மறந்த பிள்ளைக்கு வரக்காப்பியும் பன்னும் காலை உணவாகிவிட்டால் கால்சியமும் கிடைப்பதில்லை. இதைப் பாட்டிமாரின் குறையாக நாங்கள் ஒருபோதும் சொல்லமாட்டோம். கூலிக்குப் போகாமல் அடுப்பெரியாத வீடுகள் இவை.

ரிக்கெட்ஸ் காலில் மட்டும் தெரிவதன்று. மணிக்கட்டு தடித்திருக்கும், விலா எலும்பின் முனைகள் மணிமாலைபோல் புடைத்திருக்கும், நெற்றி முன்தள்ளும், பல் முளைப்பதும் நடப்பதும் தாமதமாகும். மணிக்கட்டின் எக்ஸ்ரேயும் கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் ஆகிய இரத்தச் சோதனைகளும் நோயை உறுதிப்படுத்தும். குறைந்தது மூன்று மாதம் வைட்டமின் டி மருந்தும் கால்சியமும் தந்தால் எலும்பு இறுகும். இளம் வயதில் வளைவும் பெரும்பாலும் படிப்படியாகக் குறையும். அவ்வாறு தேறாத குழந்தைக்குச் சிறுநீரகக் கோளாறோ பரம்பரைக் குறையோ இருக்கலாம். அக்குறைகளுள் சில நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வருவதால்தான் "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்கிறோம், குறை சொல்வதற்காக அன்று.

சோதனை எதுவுமின்றி மாதந்தோறும் "கால்சியம் ஊசி" என்ற பெயரில் அதிக அளவு வைட்டமின் டி போட்டுக்கொள்வதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். மிகுந்தால் வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு எனத் தீங்கு தொடரும்.

இரண்டாவது காரணம் பிளவுண்ட் நோய். முழங்காலுக்குக் கீழே, உட்புறத்தில் எலும்பு வளரும் பகுதி பழுதுபட்டு வளைவு நாளுக்கு நாள் கூடுகிறது. சீக்கிரம் நடந்த, எடை மிகுந்த குழந்தைகளிடம் இதனைக் கூடுதலாகக் காண்கிறோம். இதற்குத் தக்க வயதில் சிகிச்சை தேவை. நான்கு வயதுக்குமுன் அறுவை செய்தால் பலன் மிகுதி.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். குழந்தையைப் படுக்க வைத்து, முழங்கால் சில்லு மேல்நோக்கி இருக்குமாறு காலை நீட்டி, கணுக்கால்களைச் சேர்த்து, முழங்கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தையல் டேப்பால் அளந்து தேதியுடன் குறித்துவையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதேபோல் அளவெடுத்துப் படமும் பிடித்துவையுங்கள். அளவு குறைந்துவருமானால் அச்சமில்லை. 6 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, இரண்டு வயது கடந்தும் வளைவு நீங்காவிட்டாலோ, குழந்தை நொண்டினாலோ, வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டாலோ தாமதிக்கலாகாது.

பிறந்தது முதல் ஓராண்டுவரை நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்து தரவேண்டும் என்பது இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் பரிந்துரை. ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மி.கி. கால்சியம் தேவை, 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் உள்ளது. முளைகட்டி அரைத்தால் அது உடலில் நன்கு சேரும். காலை பத்து மணிக்குமேல் சிறிது நேரம் கை கால்களில் நேரடியாக வெயில் படும்படி பிள்ளையை வாசலில் விளையாட விடலாம்.

அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவினரிடமும் குழந்தையின் காலைக் காட்டலாம். எங்களிடம் வரும்போது தடுப்பூசி அட்டை, குறித்துவைத்த அளவுகள், முன்பு தந்த மருந்துச் சீட்டுகள், போட்ட ஊசிகளின் விவரம் ஆகியவற்றை எடுத்து வாருங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டியாக இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பதை அவரே அறிவார்.